ரத்தம், உறுப்பு மாற்று சிகிச்சை, வைரஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்த வங்கி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் எங்களிடம் ரத்தம் கொடுக்க வருகிறவர்களும், ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் வீட்டாரும், உறுப்பு மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கிட்டத்தட்ட எல்லாக் கேள்விக்குமான பதிலில் எங்காவது ஒரு நாள் கணக்கு வரும். வைரஸ் எது என்பதைவிட, எத்தனையாவது நாள் என்பதுதான் பல நேரம் முடிவைத் தீர்மானிக்கிறது.

ரத்தத்தின் வழியாகப் பரவும் வைரஸ்கள் எவை?

முதல் வரிசையில் மூன்று: கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, அப்புறம் எச்ஐவி. மூன்றும் ஒருவர் உடம்பில் வருடக்கணக்காக, வெளியே ஒன்றும் காட்டாமல் இருக்கக்கூடியவை. கடும் காய்ச்சல் வந்தவர் படுத்துவிடுவார், ரத்தம் கொடுக்க வரமாட்டார். ஹெபடைடிஸ் பி இருப்பவர் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, சிரித்த முகத்தோடு வந்து கையை நீட்டுவார். தனக்கு இருப்பது அவருக்கே தெரியாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக் கணக்குப்படி நாள்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் சுமார் 25.4 கோடிப் பேர், ஹெபடைடிஸ் சி உள்ளவர்கள் சுமார் 5 கோடிப் பேர். இவர்களில் பெரும்பாலோருக்கு இன்னும் பரிசோதனையே நடக்கவில்லை.

இரண்டாவது வரிசையில் வெள்ளணுக்களைத் தாக்கும் எச்டிஎல்வி, பார்வோவைரஸ் பி19, ஹெபடைடிஸ் ஈ, சைட்டோமெகலோ வைரஸ். அப்புறம் வெஸ்ட் நைல், டெங்கு, ஜிகா போன்ற கொசு வழி வைரஸ்கள். காய்ச்சல் தொடங்குவதற்கு முந்தைய சில நாட்களில் இவை ரத்தத்தில் இருக்கும். அந்த நாட்களில் ரத்தம் கொடுத்தால் பையோடு சேர்ந்து போய்விடும்.

ஒரே தட்டில் சாப்பிட்டால், கை குலுக்கினால் வருமா?

வராது. சேர்ந்து சாப்பிடுவது, கட்டிப்பிடிப்பது, ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவது, இருமல், தும்மல் எதிலும் முதல் வரிசை வைரஸ்கள் பரவுவதில்லை. கொசுக்கடியாலும் எச்ஐவி வராது. கொசுவின் வயிற்றில் அது பெருகாது, செரித்துப் போய்விடும்.

ஆனால் ஷேவிங் பிளேடு, டூத் பிரஷ், நகவெட்டி ஆகியவற்றைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இதில் கவலை முக்கியமாக ஹெபடைடிஸ் பி பற்றியது. கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் அவற்றில் ஒட்டியிருந்தால் போதும்.

தரையில் காய்ந்துபோன ரத்தத்தில் வைரஸ் உயிரோடு இருக்குமா?

எச்ஐவி வெளிக்காற்றில் சீக்கிரம் வலுவிழந்துவிடும். ஹெபடைடிஸ் பி அப்படியில்லை. காய்ந்த ரத்தத்தில் குறைந்தது 7 நாள் தொற்றும் தன்மையோடு இருக்கும். அதனால் ரத்தம் சிந்திய இடத்தை வெறும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போகக் கூடாது. கையுறை போட்டுக்கொண்டு, உறிஞ்சும் தாளால் ரத்தத்தை எடுத்துவிட்டு, ப்ளீச் கரைசலை ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். மேலோட்டமாகத் தெளித்து உடனே துடைத்தால் வேலைக்கு ஆகாது.

நோயாளிக்குப் போட்ட ஊசி என் விரலில் குத்திவிட்டது. என்ன செய்வது?

முதலில் சோப்பும் தண்ணீரும். ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். விரலைப் பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றாதீர்கள், வாயில் வைத்து உறிஞ்சாதீர்கள், ப்ளீச் ஊற்றாதீர்கள். பதற்றத்தில் இந்த மூன்றையும் செய்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. ரத்தம் கண்ணில் தெறித்திருந்தால் வெறும் தண்ணீரால் அலசினால் போதும்.

அடுத்து கடிகாரத்தைப் பாருங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. சில மணி நேரத்துக்குள் தொடங்கிவிடுவது உத்தமம். 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. தொடங்கினால் 28 நாளும் விடாமல் சாப்பிட வேண்டும். "நாளைக்கு டாக்டர் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்" என்று ஒரு இரவைக் கடத்துவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு. யார் திட்டுவார்கள் என்ற பயமே பாதிக் காரணம்.

வாய்ப்பு எவ்வளவு என்று கேட்பீர்கள். தொற்று உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். ஹெபடைடிஸ் சிக்கு நெடுநாளாகச் சொல்லப்பட்டது 1.8 சதவீதம், பிந்தைய ஆய்வுகளில் அதைவிடக் குறைவாகவே வந்தது. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. எல்லாரும் அஞ்சுவது எச்ஐவியைப் பார்த்து, ஆனால் எளிதில் தொற்றுவது ஹெபடைடிஸ் பி. நல்லவேளையாக மூன்றில் தடுப்பூசி இருப்பது இதற்கு மட்டும்தான். மூன்று தவணையும் போட்டு, கிருமிக்கு எதிராக உடம்பு தயாரிக்கும் எதிர்ப்பொருளின் அளவு 10க்குக் (mIU/mL) குறையாமல் வந்தவர் இந்த ஒன்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். போடாதவருக்கு முதல் தவணைத் தடுப்பூசியும் இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்பொருள்) ஊசியும் சேர்த்து, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் போடுவார்கள்.

ஹெபடைடிஸ் சிக்கு முன்தடுப்பு மருந்து கிடையாது. சில வாரம் கழித்தும், சில மாதம் கழித்தும் சோதித்துப் பார்ப்பார்கள். வந்துவிட்டாலும் 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டால் 95 சதவீதத்துக்கு மேல் முழுக் குணம் உண்டு.

இன்னொன்று: பயன்படுத்திய ஊசிக்கு மூடியைத் திரும்பப் போடாதீர்கள். ஒரு கையில் ஊசி, மறு கையில் மூடி, கவனம் பக்கத்துக் கட்டிலில் இருந்து கூப்பிடுகிறவரிடம். மூடியைத் தவறவிட்ட ஊசி நேராகக் கட்டைவிரலின் சதையில் இறங்கும்.

பரிசோதனை செய்த ரத்தம் முழுக்கப் பாதுகாப்பானதுதானே?

மிகப் பாதுகாப்பானது. 'முழுக்க' என்ற சொல்லை மட்டும் நான் பயன்படுத்த மாட்டேன்.

தொற்றைத் தேடும் எலைசா சோதனையின் தட்டைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டில் 96 சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒருவருடைய ரத்த நீர் சில சொட்டு. எல்லாம் முடிந்து கடைசியாக அமிலத்தை விட்டதும், தொற்றின் அடையாளம் உள்ள குழி மஞ்சளாக மாறும், மற்றவை தண்ணீர் போலத் தெளிவாக நிற்கும். ஓரத்தில் நாங்களே வைத்த சரிபார்ப்புக் குழிகள் மஞ்சளாவது வழக்கம். நடுவில் ஒரு குழி மஞ்சளானால் அறையில் பேச்சு நின்றுவிடும்.

சிக்கல் எங்கே என்றால், பல சோதனைகள் வைரஸைத் தேடுவதில்லை, வைரஸுக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. அது தயாராகச் சில வாரம் ஆகும். தொற்று புகுந்த நாளுக்கும் சோதனை அதைக் கண்டுகொள்ளும் நாளுக்கும் நடுவில் உள்ள காலத்தை 'விண்டோ பீரியட்' என்கிறோம். அந்தக் காலத்தில் ரத்தத்தில் வைரஸ் இருக்கும், குழி தெளிவாகவே இருக்கும். வைரஸின் மரபணுவையே தேடும் நாட் சோதனை இந்த இடைவெளியை நன்றாகக் குறைத்தது. எதிர்ப்பொருளுக்காக இரண்டு மாதத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டிய ஹெபடைடிஸ் சியை நாட் ஓரிரு வாரத்தில் பிடித்துவிடும். எச்ஐவியை 10 நாள் வாக்கிலிருந்தே பிடிக்கத் தொடங்கும். ஹெபடைடிஸ் பி மெதுவாகப் பெருகுவதால் அதற்கு இன்னும் கூடுதல் நாள் வேண்டும். இடைவெளி சுருங்கியிருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

ரத்தம் கொடுக்கும் முன் கேட்கும் அந்தச் சங்கடமான கேள்விகள் அதற்காகத்தானா?

ஆமாம். சமீபத்தில் பச்சை குத்தினீர்களா, புதிய உடலுறவுத் துணை உண்டா, போதை ஊசி போட்டதுண்டா என்று கேட்பது உங்கள் குணத்தை எடைபோட இல்லை. சோதனையின் கண்ணுக்குத் தப்பும் அந்தச் சில நாட்களை உங்கள் பதில் ஒன்றுதான் அடைக்கும். நண்பர்கள் கூட்டமாக வந்து, எல்லார் முன்னாலும் படிவம் நிரப்பும்போது உண்மை எழுதுவது கஷ்டம் என்பது எங்களுக்கும் தெரியும். ரத்தம் கொடுத்துவிட்டுப் போன பிறகுகூட ஒரு போன் செய்து "என் பையைப் பயன்படுத்த வேண்டாம்" என்று சொல்லலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு வகை ஆட்கள் உண்டு. தனக்கு எச்ஐவி இருக்குமோ என்று சந்தேகம் வந்து, இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம் என ரத்தம் கொடுக்க வருபவர்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். சந்தேகம் புதிதாக இருக்கும் நாட்கள்தான் சோதனை ஏமாறும் நாட்கள்.

ரத்தம் கொடுப்பதால் எனக்குத் தொற்று வருமா?

வராது. ஊசி புதியது, ஒருமுறைக்கு மட்டுமானது, பையோடு ஒட்டியே வருவது.

ரத்த வங்கியிலிருந்து, என் ரத்தச் சோதனை "ரியாக்டிவ்" (தொற்றின் அடையாளம் தெரிந்தது) என்று கூப்பிட்டார்கள். நோய் உறுதியா?

இன்னும் இல்லை. கொடையாளர் சோதனைகள் ஒன்றைக்கூடத் தப்பவிடக் கூடாது என்று வடிவமைக்கப்பட்டவை. அதனால் இல்லாததை இருப்பதாகக் காட்டுவதும் நடக்கும். அந்தப் பையை ஒதுக்கிவிடுவோம். உங்களுக்கு வேறு சோதனையால் உறுதிசெய்ய வேண்டும். அதுவரை வீட்டில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

முன்காலத்தில் ரத்தம் வழியாக நிறையப் பேருக்குத் தொற்றியதாகச் சொல்கிறார்களே?

உண்மை. எச்ஐவி கிருமி இன்னது என்று தெரிந்தது 1983இல், ரத்தத்தில் அதற்கான சோதனை வந்தது 1985இல். ஹெபடைடிஸ் சி 1989 வரை பெயரே இல்லாமல் இருந்தது; ஏ-யும் இல்லை, பி-யும் இல்லை என்று அதைக் குறித்தார்கள். அதைக் கண்டறிந்ததற்காக ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் மூவருக்கும் 2020இல் நோபல் பரிசு கிடைத்தது.

மிக மோசமாக அடிபட்டவர்கள் ஹீமோஃபீலியா நோயாளிகள். ரத்தம் உறையாத அவர்களுக்குக் கொடுத்த உறைகாரணி மருந்தை, ஆயிரக்கணக்கான பேரின் பிளாஸ்மாவை ஒன்றாகக் கலந்து தயாரித்தார்கள். அதில் ஒருவருக்குத் தொற்று இருந்தாலும் மொத்தமும் கெட்டது. பிரிட்டனில் இதுபற்றிய பொது விசாரணையின் அறிக்கை 2024 மே மாதம்தான் வெளிவந்தது: 30,000க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று, சுமார் 3,000 பேர் மரணம், இதில் பெரும்பகுதியைத் தவிர்த்திருக்கலாம் என்பது அதன் முடிவு. இன்று அந்த மருந்துகளைச் சூடாக்கியோ ரசாயனம் சேர்த்தோ வைரஸைச் செயலிழக்கச் செய்கிறார்கள். கொழுப்பு உறை உள்ள எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் அதில் அடங்கிவிடும். உறை இல்லாத பார்வோவைரஸ் மட்டும் கொஞ்சம் பிடிவாதம்.

ஊசியால் வந்த துயரம் எகிப்தில். நத்தை வழி வரும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க 1950கள் முதல் 1980கள் வரை நடந்த ஊசி இயக்கத்தில், சரியாகச் சுத்தம் செய்யாத ஊசிகளால் ஹெபடைடிஸ் சி பரவியது. நல்ல எண்ணத்தோடு போட்ட ஊசிகள்தான்.

உறுப்பு மாற்று சிகிச்சையில் வைரஸ் எப்படி வருகிறது?

மூன்று வழி. கொடையாளரின் உறுப்போடு வரலாம். பெறுபவரின் உடம்பிலேயே பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தது விழித்துக்கொள்ளலாம். அல்லது எல்லாரையும் போல வெளியிலிருந்து தொற்றலாம்.

புதிய உறுப்பை உடம்பு தாக்காமல் இருக்க, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து கொடுக்கிறார்கள். அந்த மருந்து உறுப்பைத் தாக்குவதை மட்டுமல்ல, வைரஸைத் தடுக்கும் காவல்காரனான எதிர்ப்பு சக்தியையே தூங்கவைக்கிறது. முதல் மாதத்தில் பெரும்பாலும் அறுவை சிகிச்சையையும் கொடையாளரையும் சார்ந்த தொற்றுகள் வரும். 1 முதல் 6 மாதம் வரைதான் தூங்கிய வைரஸ்கள் எழும் காலம். அதற்கப்புறம் மருந்தின் அளவு குறையக் குறைய, ஊரில் எல்லாருக்கும் வரும் தொற்றுகளே அதிகம்.

கொடையாளரை எல்லா வைரஸுக்கும் சோதிக்க முடியாதா?

நேரம் கிடையாது. மூளைச்சாவு அடைந்தவரின் இதயம் வெளியே எடுத்த பிறகு நாலைந்து மணி நேரம்தான் தாங்கும். எடுப்பதற்கு முன் கிடைக்கும் குறுகிய நேரத்திலும் முக்கியமானவற்றைத்தான் பார்க்க முடியும். பட்டியலில் இல்லாதது வந்தால் மாட்டிக்கொள்வோம்.

2004இல் அமெரிக்காவில் அப்படி நடந்தது. மூளையில் ரத்தக்கசிவு என்று கருதப்பட்ட ஒருவரின் கல்லீரலும் இரண்டு சிறுநீரகங்களும் மூன்று பேருக்கு வைக்கப்பட்டன. அவருடைய ரத்தக்குழாய்த் துண்டு ஒன்று இன்னொருவரின் கல்லீரல் மாற்று சிகிச்சையில் பயன்பட்டது. நான்கு பேரும் சில வாரங்களில் ரேபிஸ் நோயால் இறந்தார்கள். அவரை வௌவால் கடித்திருந்தது என்ற செய்தி நண்பர்கள் மூலம் பிற்பாடுதான் வந்தது. ஆய்வகத்தில் இருப்பவன் சொல்கிறேன்: இறந்தவரின் குடும்பத்திடம் "ஏதாவது விலங்கு கடித்ததா?" என்று உட்கார்ந்து கேட்பதற்கு ஈடான இயந்திரம் எங்களிடம் இல்லை.

தொற்று உள்ளவரின் உறுப்பை வைத்துக்கொள்ளவே கூடாதா?

இப்போது கணக்கு மாறிவிட்டது. ஹெபடைடிஸ் சி உள்ளவரின் சிறுநீரகத்தையும் இதயத்தையும், தொற்று இல்லாதவருக்கு அவர் சம்மதத்தோடு வைத்து, உடனே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்துகிறார்கள். காத்திருப்புப் பட்டியலில் இறந்துபோவதைவிட இது மேல் என்பதுதான் தர்க்கம். என் பார்வையில் சரியான தர்க்கம். எச்ஐவி உள்ளவரின் சிறுநீரகத்தை எச்ஐவி உள்ள இன்னொருவருக்கு வைப்பது 2008இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது.

ஹெபடைடிஸ் பி கதை வேறு. பழைய தொற்று ஆறிப்போனவரின் கல்லீரல் செல்களுக்குள் வைரஸின் மரபணு ஒளிந்தே இருக்கும். சாதாரணச் சோதனை 'இல்லை' என்று சொல்லும். அந்தக் கல்லீரலைப் பெற்று, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தும் எடுத்தால் அது எழுந்து வரும். அதனால் பழைய தொற்றையும் காட்டும் 'கோர் எதிர்ப்பொருள்' சோதனையும் செய்து, தேவைப்பட்டால் பெறுபவருக்கு நெடுங்காலத் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள்.

சிஎம்வி, சிஎம்வி என்று டாக்டர் அடிக்கடி சொல்கிறார். அது என்ன?

சைட்டோமெகலோ வைரஸ். உலகில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உடம்பில், பல நாடுகளில் கிட்டத்தட்ட எல்லார் உடம்பிலும், சத்தமில்லாமல் குடியிருப்பது. சின்ன வயதில் எச்சில் வழியே வந்து, லேசான காய்ச்சலோடு முடிந்து, வெள்ளணுக்களுக்குள் தங்கிவிடும். உறுப்பு மாற்றியவருக்குத்தான் அது காய்ச்சல், வயிற்றுப்போக்கு, நுரையீரல் அழற்சி, உறுப்பு நிராகரிப்பு என்று பல முகம் காட்டும்.

சிறுநீரகம், கல்லீரல் மாற்றத்தில் அதிக ஆபத்து யாருக்கு? கொடையாளருக்கு வைரஸ் உண்டு, பெறுபவருக்கு இல்லை என்றால்தான். பெறுபவரின் காவல்காரன் அந்த முகத்தை முன்பு பார்த்ததே இல்லை. எலும்பு மஜ்ஜை மாற்றத்தில் இதை அப்படியே திருப்பிப் போடுங்கள்: பெறுபவருக்கு வைரஸ் உண்டு, கொடையாளருக்கு இல்லை என்பதுதான் ஆபத்தான ஜோடி. ஏனென்றால் அங்கே மாற்றப்படுவது காவல்காரன்தான். வைரஸ் பழைய வீட்டிலேயே இருக்க, அதை அறியாத புதிய காவல் வந்து நிற்கிறது. நர்ஸிங் மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது முதலில் முழிப்பார்கள், பிறகு ஒருநாளும் மறக்க மாட்டார்கள்.

தடுக்க வால்கன்சிக்ளோவிர் மாத்திரையை 3 முதல் 6 மாதம் கொடுப்பார்கள். அதை நிறுத்திய பிறகு வரும் வாரங்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கு ரத்தம் ஏற்றினால் வெள்ளணுக்களை வடிகட்டிய ரத்தம் கொடுப்பதும் இதனால்தான். வைரஸ் தங்குமிடமே அந்த வெள்ளணு.

பிகே வைரஸ், ஈபிவி என்பவை?

பிகே என்பது 1971இல் ஒரு சிறுநீரக மாற்று நோயாளியின் சிறுநீரில் அதைக் கண்டபோது, அவர் பெயரின் முதல் எழுத்துகளால் வைத்த பெயர். நம்மில் பெரும்பாலோரின் சிறுநீர்ப் பாதையில் சும்மா இருப்பது. புதிய சிறுநீரகத்தில் பெருகினால் அதையே அரித்துவிடும். நம்பகமான மருந்து இல்லை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் குறைப்பதுதான் வழி. குறைத்தால் நிராகரிப்பு வரலாம், குறைக்காவிட்டால் வைரஸ் தின்னும். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாததைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும்போது இரண்டில் எது காரணம் என்று தெரியாமல் மருந்தில் கை வைக்க முடியாது. முதல் வருடத்தில் அடிக்கடி ரத்தம் எடுத்து பிசிஆர் (வைரஸ் மரபணுச் சோதனை) பார்ப்பது அதற்குத்தான்.

ஈபிவி என்பது எப்ஸ்டீன்-பார் வைரஸ். அது சில சமயம் நிணநீர்ச் செல்களைக் கட்டுக்கடங்காமல் பெருகவைத்துப் புற்றுநோய் போன்ற நிலையை உண்டாக்கும். சிறு குழந்தைகளுக்கு உறுப்பு மாற்றும்போது இதில் கவலை அதிகம், அவர்கள் அந்த வைரஸை அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள்.

உறுப்பு மாற்று சிகிச்சைக்கு முன்பு என்ன தடுப்பூசி போட வேண்டும்?

காத்திருக்கும் காலம்தான் தடுப்பூசிக்கு ஏற்ற காலம். தட்டம்மை, சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிகளைக் குறைந்தது 4 வாரம் முன்பே போட்டுவிட வேண்டும், பிறகு பொதுவாகப் போட மாட்டார்கள். ஹெபடைடிஸ் பி கட்டாயம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இரட்டை அளவு. டயாலிசிஸ் அறையில் ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் ஒதுக்குவதும் காய்ந்த ரத்தத்தில் அது தாக்குப்பிடிப்பதால்தான்.

தாய்க்கு ஹெபடைடிஸ் பி இருந்தால் குழந்தைக்கு?

பிறக்கும்போது தொற்றினால் 90 சதவீதக் குழந்தைகளுக்கு அது வாழ்நாள் தொற்றாகிவிடும். பெரியவர்களுக்குத் தொற்றினால் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே அப்படி. பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், கூடவே இம்யூனோகுளோபுலினும் போட்டால் பெரும்பாலான குழந்தைகளைக் காப்பாற்றிவிடலாம். அதன்பின் தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

சிறுநீரகம் மாற்றி மூன்று மாதம் ஆகிறது. லேசான காய்ச்சல்தான். பாராசிட்டமால் போட்டுப் பார்க்கலாமா?

வேண்டாம். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் லேசாகத்தான் தெரியும். உள்ளே நடப்பது லேசாக இருக்க வேண்டும் என்றில்லை. 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே சிகிச்சை செய்த குழுவுக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள். பக்கத்து மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். அவற்றில் சில, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தான டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். போனில் மூன்று விஷயம் சொல்லுங்கள்: சிகிச்சை நடந்து எத்தனையாவது நாள், வைரஸ் தடுப்பு மாத்திரை ஓடுகிறதா அல்லது எப்போது நின்றது, கடைசியாக எந்த மருந்தின் அளவு மாறியது. இதை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தால், நடு இரவில் யார் போன் எடுத்தாலும் சொல்ல முடியும்.